முந்தி அடித்த மணி

செல்வகுமாரிக்கு எதையும் முந்திச் செய்கிற கை. அது பிறவியிலேயே வந்ததா, கம்பெனி கொடுத்ததா என்று ஊரில் இரண்டு கட்சி உண்டு. வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாத்திரை கம்பெனியில் பதினெட்டு வருஷம் பேக்கிங்கில் நின்றவள். பெல்ட்டில் அட்டை வந்துகொண்டே இருக்கும். பத்து அட்டைக்கு ஒரு டப்பா. அட்டை வருவதற்குள் கை நீண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூப்பர்வைசரின் வாய் நீளும். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டு வீட்டோடு வந்த பிறகும் அவள் கை மட்டும் கம்பெனியிலேயே நின்றுவிட்டது. உலை கொதிப்பதற்குள் தட்டு போட்டுவிடுவாள். புருஷன் ஜெயசீலன் உழவு முடித்து டிராக்டரை ஓரங்கட்டுவதற்குள் அவனுக்கு விளாவி வைத்த வெந்நீர் ஆறிப்போயிருக்கும்.

மகன் ஓசூரில். வீட்டில் இரண்டு பேருக்கு ஆக்கி இறக்க ஒரு மணி நேரம் போதும். மீதிப் பொழுதை என்ன செய்வது? ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குக் கோயில் வேலை மேல் ஆசை வந்தது. ஆசை என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். கம்பெனியில் டார்கெட் முடித்தால் போர்டில் பெயர் எழுதுவார்கள். அப்படி ஒரு இடத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்கிற பசியும் அதில் கலந்திருந்தது.

பண்டசோழநல்லூரிலிருந்து மடுகரை போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரும்புக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கிற ஊர் அது. கிறிஸ்தவ வீடுகள் நாற்பது தேறும். சூசையப்பர் கோயில் கிளைக்கோயில்தான். ஞாயிற்றுக்கிழமை சாமியார் பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊர்ப் பூசைக்குப் பறந்துவிடுவார். மற்ற நாளெல்லாம் கோயில் ஊர்க்காரர்கள் கையில்.

முதலில் பாட்டுக் குழுவில் சேர்ந்தாள். குரல் மோசமில்லை. ஆனால் எல்லாரும் பல்லவியில் இருக்கும்போது இவள் சரணத்துக்குப் போய் நின்றுகொண்டிருப்பாள். கீபோர்டு வாசிக்கிறவன் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு வாசகம் வாசிக்கக் கொடுத்தார்கள். பவுலடியார் பாவம், மூச்சு விட இடமில்லாமல் ஓடினார். "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று இவள் முடித்தபோது சாமியார் இன்னும் நாற்காலியில் சரியாக உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கப்புறம் பீடத்துக்குப் பூ வைக்கிற வேலை. ஞாயிற்றுக்குத் தேவையான பூவை வெள்ளிக்கிழமையே வைத்தால் சூசையப்பரே என்ன செய்வார்?

"உனுக்கு எதுக்குடி இதெல்லாம்? பேசாம பூசைக்குப் போனமா, வந்தமான்னு இரு" என்றான் ஜெயசீலன்.

"எல்லாரும் எதனா ஒண்ணு செய்றாங்க. நானு மட்டும் பெஞ்சு தேய்க்கவா பொறந்தேன்?"

ஆடி மாதத்தில், கோயிலைப் பார்த்துக்கொண்டு மணி அடிக்கிற உபதேசியார் தோள்பட்டையில் ஆபரேஷன் ஆகி, சென்னையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். மணி அடிக்க ஆள் இல்லை. சாமியார் கேட்டு வாய் மூடுவதற்குள் செல்வகுமாரி கை தூக்கினாள். அவர் கொஞ்சம் யோசித்தார். மணியில் என்ன முந்திவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார் போல, சரி என்றார்.

காலை ஆறு, நடுப்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. போனில் அலாரம் வைத்துக்கொண்டு அடித்தாள். ஒரு நிமிஷம் பிசகவில்லை. முகப்பு மண்டபத்தின் ஓட்டை வழியாகத் தொங்கும் கயிறு, பழைய கைகள் பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. அதைப் பிடித்து இழுக்கும்போது மேலே ஒரு கனம் அசைவதும், ஊரே அதற்குத் தலை தூக்குவதும் அவளுக்குப் பிடித்திருந்தது.

துக்க மணிதான் பெரிய வேலை. ஓர் அடி. ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற அளவு நிறுத்தம். மறுபடி ஓர் அடி. இப்படி முப்பத்து மூன்று. கடைசியில் ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு இரண்டு சேர்த்து அடிக்க வேண்டும். இந்தக் காலத்தில் வாட்சப்பில் போட்டால் போதாதா என்று சின்னவர்கள் கேட்பார்கள். "போன்ல வர்றது சேதி. மணியில வர்றதுதான் சாவு" என்பார்கள் பெரியவர்கள்.

ஆடி, ஆவணி, புரட்டாசி. மூன்று மாதமும் ஊரில் யாரும் சாகவில்லை.

ஐப்பசி இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை பிடித்து மூன்று நாளாகி, அன்று காலையில்தான் கொஞ்சம் வெளுத்திருந்தது. நடவு ஆட்கள் எல்லாம் வயலில். பதினொன்றரை மணிக்கு செல்வகுமாரி கோயில் முகப்பில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அருள்மொழி. ராயப்பனின் மகள்.

ராயப்பன் செல்வகுமாரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. கரும்பு வெட்டு மேஸ்திரி. நாற்பது பேர் கொண்ட செட்டை ஒரு குரலில் நகர்த்துகிற ஆள். கிட்னி கெட்டு, கால் வீங்கி, பாண்டியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அருள்மொழிதான்.

போனில் அவள் அழுதாள். "அத்த… அப்பா பூட்டாரு அத்த… அம்மா போனு சுட்சாப்பு…"

அதற்குள் லைன் கட்டாகிவிட்டது என்றுதான் செல்வகுமாரி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள். திருப்பிக் கூப்பிட்டாளா என்றால், இல்லை. தண்ணீர் தள்ளுகிற கட்டையைச் சுவரில் சாய்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கயிற்றைப் பிடித்தாள்.

அடி. பரலோக மந்திரம். அடி.

ஒரு பிசகும் இல்லை. நிறுத்தம் ஒவ்வொன்றும் அளந்து வைத்த மாதிரி இருந்தது. அவள் ஆயுசில் அவசரப்படாமல் செய்த முதல் காரியம் அதுதான். வயலில் நாற்று முடிகள் அப்படியே நின்றன. பெண்கள் சேற்றோடு நிமிர்ந்து எண்ணினார்கள். முப்பத்து மூன்று முடிந்து மூன்று விழுந்தபோது, ஆம்பளை என்று தெரிந்தது. படுக்கையில் கிடக்கிற ஆம்பளை ஊரில் ஒருத்தர்தான். எல்லாரும் ராயப்பனின் பெண்டாட்டி அமலோற்பவத்தைப் பார்த்தார்கள். அவள் வரப்பிலேயே விழுந்து இரண்டு கையாலும் மண்ணை அறைந்து அழுதாள். கண்ணாடி வளையல் அத்தனையும் உடைந்து, மணிக்கட்டு கிழிந்து ரத்தம் வந்தது.

அந்தக் கடைசி மூன்று அடியை மடுகரை பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து ராயப்பனும் கேட்டார். காலையில் கையில் குத்தியிருந்த ஊசியைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, மகள் டீ வாங்கப் போன நேரம் பார்த்து ஆஸ்பத்திரியை விட்டு நடையைக் கட்டியவர் அவர். ஸ்டாப்பிங்கில் இறங்கி, மூச்சு வாங்க, அமீர் ஹம்சாவின் மளிகைக் கடை முன்னால் நின்றார். பாய் துக்கத்துக்கு மரியாதையாக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்.

"இன்னா பாய், ஷட்டரு பாதியில நிக்குது? யாரு பூட்டாங்க?"

அமீர் ஹம்சா குனிந்து வெளியே பார்த்தார். கையிலிருந்த பருப்புப் பொட்டலம் கீழே விழுந்தது. "ராயப்பண்ணே…"

"என்ன எதுக்குக் கூப்புடற? கேட்டதுக்குச் சொல்லு. ஆம்பள மணி அடிச்சுதே, யாரு?"

"நீதாண்ணே."

"இன்னாது?"

"உனக்குத்தாண்ணே அடிச்சாங்க. இப்பதான் உன் வூட்டுக்கு சேரு போவுது."

ராயப்பன் வீட்டுக்கு நடந்து வந்தபோது பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தல்கார செல்லக்கண்ணு மூங்கில் நட்டு ஒரு பக்கம் தார்ப்பாய் கட்டிவிட்டார். அமலோற்பவத்தை வண்டியில் உட்காரவைத்துக் கூட்டி வந்து வாசலில் இறக்கியிருந்தார்கள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கோயிலிலிருந்து சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தையும் இரண்டு மெழுகுவர்த்தித் தண்டையும் எடுத்துக்கொண்டு, மணி அடித்தவர் செய்ய வேண்டிய முறைப்படி, செல்வகுமாரி வாசல்படியில் நின்றாள். உடம்பு வந்ததும் தலைமாட்டில் வைக்க வேண்டுமே.

உடம்பு நடந்து வந்தது.

அழுகை ஒவ்வொரு வாயாக நின்றது. அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்து, "ஐயோ மாதாவே" என்று பின்னால் சாய்ந்தாள். எங்கேயோ ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். அதைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் சிரித்தார்கள். ராயப்பன் சிரிக்கவில்லை.

"யாரு அடிச்சது?"

எல்லார் கண்ணும் சுரூபத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவள் மேல் போனது.

"லைனு… லைனு கட்டாயிடிச்சிண்ணா" என்றாள் செல்வகுமாரி. சுரூபத்தைக் கீழே வைக்கவும் முடியவில்லை, வைத்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. அப்படியே திரும்பிக் கோயிலுக்கு நடந்தாள். தெரு முழுக்க அவளுக்கு வழி விட்டது.

அன்று சாயங்காலமே சாமியார் போன் செய்தார். திட்டவில்லை. "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கயிறு, வீடு வீடாகச் செபக்கூட்டம் நடத்துகிற அன்பியத்தின் தலைவர் தங்கசாமியின் கைக்குப் போனது.

அதற்குப் பிறகு செல்வகுமாரி தெருவில் இறங்கவில்லை. குழாயில் தண்ணீர் விடுகிற நேரத்துக்குப் போகாமல், கடைசி ஆள் போன பிறகு சொட்டுகிறதைப் பிடித்து வந்தாள். சோறு ஆக்கினாள், குழம்பு வைத்தாள், தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. வீட்டிலிருந்தே ஒலிபெருக்கியில் கேட்டாள். பாட்டு அதனதன் இடத்தில் நிதானமாகப் போயிற்று. அவள் இல்லாமல் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

டீக்கடையில் ஜெயசீலனைப் பார்த்தால் போதும். "இன்னா மாமா, இன்னிக்கி யாருக்கு மணி? சொன்னா வூட்ல சொல்லிட்டு வந்துருவன்ல" என்பார்கள். அவன் முதல் இரண்டு நாள் கூடச் சேர்ந்து சிரித்தான். மூன்றாம் நாள் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டான். வீட்டில் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்கு வேண்டியிருந்ததோ யாராவது ஒருத்தர் வாய் திறந்து ஏசுவதுதான்.

எட்டாம் நாள் மாலை மழை கொட்டியது. ஜெயசீலன் நனைந்து வந்து தலை துவட்டிக்கொண்டே சொன்னான்.

"மச்சான் ஆஸ்பத்திரிக்கி வரமாட்டேன்றாராம்."

"ஏன்?"

"வாரத்துக்கு ரெண்டு தபா மிஷின்ல ரத்தம் சுத்தம் பண்ணணும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. போவலனா தாங்காதாம். இவரு கால நீட்டிகினு உக்காந்துட்டாரு. அருளு அழுவுது. ஃபாதரு வந்து பேசிப் பாத்தாரு. ஒண்ணும் வேலைக்காவல."

"இன்னா சொல்றாராம்?"

ஜெயசீலன் துண்டை உதறினான். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"எனக்குத்தான் மணி அடிச்சாச்சே, இனிமே ஆஸ்பத்திரி எதுக்குன்றாரு. அதுவும் முப்பத்தி மூணும் தப்பாம அடிச்சிருக்குது, அது மேலருந்து வந்த உத்தரவுன்றாரு. நாலு நாளா கருவாட்டுக் கொழம்பு கேட்டு வாங்கித் துன்றாராம். உப்பே ஆவாதாம் அவருக்கு. அமலோற்பவம் அக்கா இன்னா பண்ணும், சாவப்போற ஆளு கேக்கறாருன்னு ஆக்கிப் போடுது."

செல்வகுமாரி அடுப்பங்கரைக்குள் போய் உட்கார்ந்தாள். இதுவரை அது ஊர் சிரித்த வெட்கம். இப்போது ஓர் உயிர் அதில் மாட்டிக்கொண்டு நின்றது. அவர் செத்தால் அவள் அடித்த மணிதான் சாகடித்ததாக ஆகும். அது பொய்யும் இல்லை. இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தாள். அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருந்தது. அதை ஜெயசீலனிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ராயப்பன் வீட்டுக் கேட்டின் முன்னால் நின்றாள். அமலோற்பவம் வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் மருந்துத் துணி. இரண்டு கையும் மொட்டையாக இருந்தன. புது வளையல் போட அவளுக்குப் பயம் என்று ஊரில் சொன்னார்கள்.

"அண்ணி."

அமலோற்பவம் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கேட்டை மூடச் சொல்லவும் இல்லை, திறக்கச் சொல்லவும் இல்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் ராயப்பன் கிடந்தார். முகம் ஊதியிருந்தது. கால் இரண்டும் பளபளவென்று இருந்தன.

"இன்னா, மணிக்காரம்மா? பொட்டிக்கி அளவெடுக்க வந்தியா?"

அவள் உள்ளே வந்து தரையில், ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

"லைனு கட்டாவலண்ணா."

"இன்னாது?"

"அன்னிக்கி அருளு சொன்னது மொத்தமும் என் காதுல உழுந்திச்சி. 'அப்பா பூட்டாரு அத்த, அம்மா போனு சுட்சாப்பு, அங்கதான் வருவாரு, வந்தா எனக்கு போன் பண்ணு'ன்னிச்சி. அதுக்கப்பறம்தான் வச்சிது. ஓடிப் பூட்டாருன்னுதான் அர்த்தம், செத்தவரு எப்பிடிண்ணா வருவாரு? எடுத்தாறோம்னுதான சொல்லுவாங்க? பச்சப்புள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாம இல்ல. பூட்டாருன்னு கேட்ட ஒடனே கை கயித்துக்குப் பூடிச்சி. மீதியக் காது கேட்டுச்சி, கை கேக்கல."

ராயப்பன் அவளையே பார்த்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"இன்னும் கீதுண்ணா. மூணு மாசமா ஒரு சாவும் வுழல. எல்லா வேலையிலயும் என்னத் தொரத்தியாச்சி. இதயாச்சும் ஒரு தபா ஒழுங்கா செஞ்சிக் காட்டணும்னு இருந்தன். நீ ஆஸ்பத்திரில படுத்த அன்னிலருந்து மனசுக்குள்ள எண்ணி எண்ணிப் பாத்துகினு இருந்தன். முப்பத்தி மூணு, அப்பறம் மூணு. பாத்திரம் கழுவ சொல்லயும் அதேதான். உன் சாவுக்குக் காத்துகினு இருந்தண்ணா நானு. மேலருந்து உத்தரவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அடிச்சது என் அரிப்பு. அதுக்கோசரம் நீ சாவாத."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

ராயப்பன் கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "எண்ணி எண்ணிப் பாத்தியா?" என்றார்.

"பாத்தன்."

"அன்னிக்கித் தப்பு வரலியே?"

"வரல."

"நல்லாத்தான் அடிச்ச. பஸ்ஸுல கேக்க சொல்லவே நெனச்சன். உபதேசியாரு இவ்ளோ நிறுத்தி அடிக்கமாட்டாரே, யாரோ புது ஆளு, ஆனா கை சுத்தம்னு."

கோயில் வேலையில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அவளுக்கு அழுகை வெடித்தது.

"அழுவாத. நிறுத்து." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் எதுக்கு ஓடியாந்தேன்னு ஒருத்தனும் கேக்கல, பாத்தியா? ஊசிக்குப் பயந்துட்டேன்றானுங்க. எத்தினி கரும்பு சோவ கிழிச்ச ஒடம்பு இது. ஊசிக்கா பயப்படும்?"

"அப்பறம்?"

அவர் உள்பக்கம் பார்த்தார். அருள்மொழி வீட்டில் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார்.

"முந்தின நாளு வயித்தால பூடிச்சி. எழுந்து போறதுக்குள்ள. வேட்டி, பெட்டு, எல்லாம். பொண்ணுதான் கழுவிச்சி. ஒரு வார்த்த சொல்லல, மூஞ்சி சுளிக்கல. எம்பொண்ணு, கல்யாணம் ஆவாத பொண்ணு, என்னத் திருப்பிப் போட்டு…" அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மறுநாளு டீ வாங்கியாரேன்ப்பான்னு எம்மூஞ்சியப் பாத்து சிரிச்சிச்சி. நான் அதும் மூஞ்சியப் பாக்க முடியல. அதான் வந்துட்டன். மணி அடிச்சது நல்ல சாக்காப் பூடிச்சி."

மழை தூறத் தொடங்கியது. இரண்டு பேரும் நகரவில்லை.

"எம்மாமியார மூணு வருசம் படுக்கையில வச்சிப் பாத்தவ நானு" என்றாள் செல்வகுமாரி. "நான் வரேண்ணா உங்கூட. அருளு வேலைக்குப் போவட்டும்."

"நீ கழுவுறதும் எம்பொண்ணு கழுவுறதும் ஒண்ணா?"

"ஒண்ணு இல்ல. பொண்ணு மூஞ்சிய நீ தெனமும் பாக்கணும். என் மூஞ்சிய இந்த ஊர்ல யாரு பாக்கறா? எங்கிட்ட நீ வெக்கப்பட இன்னா கீது? என்னவிட வெக்கங்கெட்டவ ஒருத்தி இந்த ஊர்ல உண்டா, சொல்லு."

ராயப்பனின் ஊதிய முகத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பா, அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"அது வாஸ்தவந்தான்" என்றார்.

உள்ளேயிருந்து அமலோற்பவம் வெளியே வந்தாள். கையில் நேற்றைய கருவாட்டுக் குழம்புச் சட்டி. செல்வகுமாரியைப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போனாள். தென்னை மரத்தடியில் சட்டியைக் கவிழ்த்துக் கொட்டினாள். திரும்பி உள்ளே போனாள். காக்கைகள் இறங்கின.

"பாண்டி பஸ்ஸு காலையில எத்தினி மணிக்கி?" என்று கேட்டார் ராயப்பன்.

வெள்ளிக்கிழமை ஆறே முக்கால் பஸ். செல்வகுமாரி ஐந்து மணிக்கே போய் நின்றுவிட்டாள், அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போகாது. பையில் இரண்டு மாற்று வேட்டி, துண்டு, பழைய செய்தித்தாள், ஒரு பாலிதீன் கவர் கத்தை, உப்பில்லாத இட்லி. பஸ்ஸில் யாரோ, "அந்த மணியடிச்ச அம்மாடா, செத்தவரையே கூட்டினு போவுது பாரு" என்று கிசுகிசுத்தது கேட்டது. காது சுட்டது. ராயப்பனுக்கும் கேட்டிருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் வரிசை பெரிசு. மிஷினுக்குக் கூப்பிடுவதற்குள் ஒரு தடவை அவசரமாகத் தேவைப்பட்டது. செய்தாள். கம்பெனியில் அட்டை அடுக்கிய அதே கை, துடைத்து, மாற்றி, சுருட்டி, கவரில் போட்டு முடிச்சுப் போட்டது. அந்த வேலைக்கு மட்டும் அவள் வேகம் சரியாக இருந்தது. அவருக்கு வெட்கப்பட நேரமே கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. கை கழுவிவிட்டு வந்து, "இட்லி துன்றியாண்ணா?" என்றாள். இரண்டு தின்றார்.

உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள். நாலு மணி நேரம் ஆகும், வெளியே உட்காருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். நாலு மணி நேரம் சும்மா உட்காருவது எப்படி என்று செல்வகுமாரிக்குத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் யார் பெயரும் எழுதாத ஒரு போர்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கிழவர் தூங்கி அவள் தோளில் சாய்ந்தார். அவள் நகரவில்லை. இது எப்போது முடியும் என்றும், எதற்கும் முந்த வேண்டும் என்றும் தோன்றாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். அப்படி இருந்ததை அவளே பிற்பாடுதான் கவனித்தாள். உடனே அன்றைய மணிச்சத்தம் ஞாபகம் வந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் போனை எடுத்தாள். வீட்டுக்குச் சொல்ல வேண்டும். பதினோரு நாளாக அமலோற்பவம் அவளிடம் பேசவில்லை. ஒரே ரிங்கில் எடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணி, அண்ணன் உள்ள பூட்டா…"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

"இல்லண்ணி! இல்லண்ணி! உள்ள மிஷினுக்கு இட்டுகினு போய்க்கிறாங்க. நல்லா கீறாரு. இட்லி துன்னாரு."

"ஏன்டி" என்றது அமலோற்பவத்தின் குரல். நடுங்கியது, பிறகு பலத்தது. "ஏன்டி பாவி, மொதல்ல உசுரோட இருக்காருன்னு சொல்லிட்டு அப்பறம் மத்தத சொல்லமாட்டியாடி?"

"உசுரோட இருக்காரு அண்ணி."

"இன்னொரு தபா சொல்லு."

"உசுரோட இருக்காரு."

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. செல்வகுமாரி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல மிச்சம் இருக்கும் என்று காத்திருந்தாள்.

"சாயந்தரம் திரும்ப சொல்ல, வளையக்கடையில ஒரு டஜனு வாங்கியா. பச்ச. அளவு ரெண்டு ஆறுன்னு கடக்காரன்கிட்ட சொல்லு. நீ பாட்டுக்கு அவசரத்துல சின்னதா வாங்கினு வந்துடாத. ஏறாது."